காணிக்கைப் பையில் விழுந்த காளைக் காசு

ஜெபசிங்குக்கு எதன் மேலாவது பைத்தியம் பிடித்தால்தான் தூக்கம் வரும் என்பது செங்கல்பட்டில் அவன் குடியிருந்த தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதலில் லவ் பேர்ட்ஸ் வளர்த்தான். அவை போட்ட சத்தம் தாங்காமல்தான் எதிர்வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணினார் என்று சொல்வார்கள். வாடகை பாக்கிதான் காரணம் என்றும் சொல்வார்கள். அப்புறம் மீன் தொட்டி. மீன்கள் ஒன்றையொன்று தின்று, கடைசியில் கொழுத்த மீன் ஒன்று மட்டும் மிஞ்சி, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் அதுவும் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்து வந்ததுதான் பழங்காசு. வருடம் இரண்டாயிரத்து மூன்று.

ஜெபசிங் வேலை பார்த்தது மறைமலைநகரில், கார்களுக்கு உதிரிபாகம் வார்க்கும் ஒரு கம்பெனியில். இன்ஸ்பெக்டர். வார்ப்பில் துளி பிசிறு இருந்தால் போதும், சிவப்புச் சீட்டுக் கட்டி ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவான். அப்பேர்ப்பட்டவன், கம்பெனி பஸ்ஸில் மாமல்லபுரம் சுற்றுலா போன அன்று, சிப்பி மாலை விற்கிற ஒருவனிடம் ரோமானியக் காசு ஒன்று வாங்கினான்.

"கடல் தள்ளினது சார், போன புயலுக்கு. வலைல மாட்டிகினு வந்துச்சு" என்றான் விற்றவன்.

பச்சைக் களிம்பும் முடிசூடிய தலையுமாகக் காசு லட்சணமாகத்தான் இருந்தது. கூட வந்திருந்த அவன் மனைவி பிரிசில்லா ஒரு பார்வை பார்த்தாள். அவள் கணக்கு டீச்சர். அந்தப் பார்வைக்கே ஒரு வகுப்பு அடங்கிவிடும். பஸ்ஸில் கூட வந்த நாலு பேர் நிற்கிறார்களே என்று அதோடு விட்டாள்.

மறுநாள் கம்பெனியில் லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தபோதுதான், விளிம்பைச் சுற்றி வார்ப்பின் இணைப்புக் கோடு ஓடுவது ஜெபசிங்கின் கண்ணில் பட்டது. அந்தக் காலத்து ரோமானியர்கள் காசை அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். இது யாரோ போன மாதம் உருக்கி ஊற்றியது. பச்சை நிறம் கைக்குட்டையில் பாதி வந்துவிட்டது. நாளெல்லாம் பிறருடைய வார்ப்பில் குற்றம் கண்டுபிடிக்கிறவன், தன் காசு கொடுத்து வாங்கின வார்ப்பில் கோட்டை விட்டிருந்தான். பக்கத்து மேசை அருணகிரி ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து அந்தக் காசில் கட்டி, மேசை நடுவில் வைத்தான்.

"இன்னா மச்சான் பண்றது. உன் பீஸு ரிஜெக்டு."

அருணகிரிக்குப் பக்கத்துத் தெரு. ஒரே பஸ். சாயங்காலம் ஜெபசிங் வீட்டுப் படியேறும் முன்பே கதை படியேறிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு கை கழுவியிருப்பார்கள். ஜெபசிங்குக்கு ரோஷம் வந்தது. சென்னையில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் பழங்காசு சேர்க்கிறவர்கள் கூடுகிறார்கள் என்று எங்கோ விசாரித்துக்கொண்டு ரயிலேறிப் போனான். அங்கே அவனுக்கு வாய்த்தவர் பிரதீபா என்ற பல் டாக்டர். சொத்தைப் பல்லைக் கிண்டுகிற அதே ஊசியால் காசில் ஒட்டிய மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஜெபசிங் நீட்டிய ரோமானியரைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை.

"என்கிட்ட இது மாதிரி ஒரு டப்பா நெறைய இருக்கு. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்போம்" என்றார். "இனிமே மொதல்ல புத்தகம் வாங்குங்க, அப்புறம் காசு. துலக்காதீங்க. புளி, எலுமிச்சம்பழம், சாம்பல் எதுவும் கிட்ட வரக்கூடாது. அந்தக் களிம்புதான் அதோட தோல். ரோமெல்லாம் மெதுவா பாத்துக்கலாம். ராஜராஜன் பேர் போட்ட செப்புக்காசு நெறைய கெடைக்குது, தேஞ்சது மலிவு. அதுல நாலு வாங்கிக் கண்ணைப் பழக்குங்க. பழைய பாத்திரக்கடையில பாருங்க. உருக்கப் போற செம்புல கலந்து வரும்."

செங்கல்பட்டு பஜாரில் நரசிம்மன் பாத்திரக்கடை இருக்கிறது. பழைய குடம், அண்டா, தாம்பாளம் எல்லாவற்றையும் எடைக்கு எடுத்துக்கொண்டு புதுசு கொடுப்பார். பழைய செம்பெல்லாம் பின்கட்டில் கோணிப்பையில் கிடக்கும், உருக்குகிற இடத்துக்கு லாரி வரும்வரை. ஜெபசிங் சனிக்கிழமைதோறும் போய் அந்தப் பையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். நரசிம்மனுக்கு முதலில் சந்தேகம். வருமான வரி ஆளோ என்று. பிறகு பழகிவிட்டது. ஒடுங்கின சொம்பு, கழன்ற கைப்பிடி, சல்லடை என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி, அடியில் தங்கின பொடிசுகளைத் தாளில் பரப்பி ஜெபசிங் பார்ப்பான். வாரக்கணக்கில் கையில் கரிதான் ஒட்டியது. ஒரு நாள், நிற்கிற ஆளும் உட்கார்ந்த ஆளுமாக மழுங்கிப்போன சோழக் காசு ஒன்று வந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது அவன் சீட்டியடித்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

"அந்த ஆளுக்கு மூஞ்சியே இல்லியே" என்றாள் பிரிசில்லா.

"ஆயிரம் வருசம் ஆச்சுடி. நமக்கு நாப்பதுலயே இன்னா மூஞ்சி கீது?"

"உங்களத்தான் சொல்லிக்கணும். என்ன இதுல சேக்காதீங்க."

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் காளை கிடைத்தது. சதுரங்கப்பட்டினம் பக்கம் ஏதோ பழைய வீட்டைப் பிரித்த சாமான் என்று நரசிம்மன் சொன்னார். சிறிய, தடித்த காசு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் திமிலோடு ஒரு காளை நின்றது. மறுபக்கம் சக்கரம் போல ஏதோ, பாதி தேய்ந்து. ஜெபசிங் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. விளிம்பைச் சுற்றி மூன்று தடவை பார்த்தான். கோடு இல்லை.

செம்பு விலையைக் கொடுத்துவிட்டு நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் டாக்டருக்குப் போன் போட்டான்.

"பல்லவர் காசா இருக்கலாம்" என்றார் பிரதீபா. "கண்ணால பாக்காம சொல்ல மாட்டேன். ஐப்பசிக் கூட்டத்துல பல்லவர் காசு பத்திதான் பேச்சு. எடுத்துட்டு வாங்க, எல்லாருக்கும் காட்டுங்க. நீங்களே பேசுங்க."

'நீங்களே பேசுங்க' என்ற அந்த வார்த்தையில் ஜெபசிங்கின் கால் தரையைவிட்டுக் கிளம்பிவிட்டது. லவ் பேர்ட்ஸ் பற்றியோ மீன் பற்றியோ அவனை யாரும் பேசச் சொல்லிக் கேட்டதில்லை. காசு அவன் சட்டைப்பையிலேயே குடியிருந்தது. பால்காரரிடம் காட்டினான். கம்பெனி பஸ் டிரைவரிடம் காட்டினான். அருணகிரியிடம் மட்டும் ஒரு முறைக்கு இரண்டு முறை காட்டினான். தெரு தன் கருத்தைத் தெரிவித்தது: மாமல்லபுரத்துக்காரன் சொன்னபடி கடல் தள்ளாவிட்டாலும், ஜெபசிங்கை எதுவோ தள்ளியிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் காசு பையில்தான் இருந்தது. ஆராதனைக்கு முன்னால், சர்ச் பொருளாளர் ஏசுபாதத்துக்கு வாசலில் காட்டினான். அவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்; எதைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தருவார். மணி அடித்தது. சுற்றி வைத்திருந்த தாளைத் தேடப் பொறுமையில்லாமல் காசை அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஜெபசிங் உள்ளே ஓடினான். அதே பையில் காணிக்கைக்கென்று ஒரு ரூபாய் நாணயமும் இருந்தது.

அந்தச் சர்ச்சில் காணிக்கை போடுவதற்கு ஒரு முறை உண்டு. சிவப்பு வெல்வெட் பை வரிசை வரிசையாக வரும். எவ்வளவு போடுகிறோம் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது. அதனால் மூடிய கை பைக்குள் போய், மூடியபடியே வெளியே வர வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், கண்கள் பாதி மூடியிருக்கும். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு போட்டார் என்று எல்லோருக்கும் எப்படியோ தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். அன்றைக்கு ஜெபசிங் என்ன போட்டான் என்பது அவனுக்கே தெரியவில்லை. விரலுக்கு வட்டமாக ஒன்று தட்டுப்பட்டது, எடை இருந்தது, மூடினான், விட்டான், ஆமென் சொன்னான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது பையில் ஒரு ரூபாய் இருந்தது.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஏசுபாதத்தின் வீட்டுக்கு ஓடினான். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, தப்பு நடந்து போச்சு. காளைக் காசு பைல வுழுந்துச்சு."

"பாத்தேன். இது நம்ம சிங்கு காசாச்சே, இம்மாம் பெரிய மனசானு நெனச்சேன்."

"அத குடுத்துடுங்கண்ணே. அதுக்குப் பதிலா எவ்ளோ சொல்றீங்களோ போட்டுடறேன்."

ஏசுபாதம் நிதானமாக ரசம் ஊற்றிக்கொண்டார். "பைல வுழுந்தா அது கர்த்தர்து சிங்கு. நானே குடுத்தேன்னு வெச்சிக்க, நாளைக்கு ஒவ்வொருத்தனும் வந்து நூறு போட்டேன், பத்துதான் போட நெனச்சேன், மீதி குடுன்னு நிப்பான். அந்த வருசம் சாராள் கைவெரல்லேருந்து மோதிரம் கழண்டு வுழுந்துச்சே, இன்னா பண்ணோம்? அறுப்புப் பண்டிகைல ஏலம் வுட்டோம். அவங்களே கேட்டு எடுத்துகினு போனாங்க. சட்டம் அல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அதுக்குள்ள சென்னைல கூட்டம்…"

"கூட்டத்துக்கு முந்தின வாரம்தான் பண்டிகை. வா, கேளு, எடுத்துகினு போ. போட்டிக்கு யார் வரப்போறா? வாழத்தார்னாலும் கேப்பாங்க. இத எவன் கேப்பான்?"

வீட்டில் பிரிசில்லா விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "கர்த்தர் ஒரு பைத்தியத்துலேர்ந்து காப்பாத்திட்டாரு" என்றாள்.

ஜெபசிங் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "வுட்டுடு. எனக்கும் வேணாம். இத்தோட தல முழுகினேன்" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பாத்திரக்கடைப் பக்கம் போகவில்லை. டாக்டர் இரவல் கொடுத்திருந்த புத்தகத்தை எடுக்கவில்லை. குழம்பில் உப்பில்லாத அன்றுகூட வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தான். ஆனால் சொன்னதெல்லாம் வாயோடு. மிகைநேர வேலை பார்த்த பணத்தை வீட்டில் காட்டாமல் சட்டைக்குள் தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தான், பண்டிகைக்கு. இந்தக் காசை விட்டால் அந்தக் கூட்டத்துக்குப் போகும் முகம் இருக்காது. போகாவிட்டால் தான் என்றைக்கும் லவ் பேர்ட்ஸ் ஜெபசிங்தான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவனுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது, தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியும். பிரிசில்லாவும் அந்தக் காசை ஏலத்தில் எடுப்பதென்று முடிவு பண்ணியிருந்தாள். பேசாத புருஷனோடு ஒரே வீட்டில் இருப்பது அவளுக்கு முடியாத காரியம். பண்டிகையன்று சாப்பாட்டுப் பந்தலில் பிரியாணி மேற்பார்வை அவள் பொறுப்பு. ஏலத்தில் வந்து நிற்க முடியாது. அதனால் பக்கத்து வீட்டுக் காசியம்மாளிடம் சொல்லி வைத்தாள். காசியம்மாள் சர்ச்சுக்கு வருடத்தில் ஒரே நாள் வருவாள், பூசணிக்காயும் சேவலும் ஏலம் எடுக்க.

"அம்பது ரூபாக்கு மேல போவாது. அவுரு கைல குடுத்து ஆச்சரியப்படுத்தணும். எவ்ளோ ஆனாலும் வுட்டுடாதக்கா" என்று சொல்லி இருநூறு ரூபாயைக் கையில் அழுத்தினாள். காசியம்மாளுக்கு ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடி செய்வாள். அவளுடைய நல்ல குணமும் அதுதான், கோளாறும் அதுதான்.

பண்டிகை நாள். சர்ச் வளாகத்தில் பந்தல் போட்டு, வாழைத்தாரும் பூசணியும் கேக்கும் மேசை கொள்ளாமல் இருந்தன. கால் கட்டப்பட்ட கோழிகள் பிரசங்கத்துக்கு இடையிடையே பதில் சொல்லின. ஏசுபாதம் மைக்கைப் பிடித்தால் ஓடுகிற ரயிலில் டிக்கெட் கேட்பது போலத்தான் இருக்கும். யாரும் தப்ப முடியாது. ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தை நூற்றைம்பது ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். பிறகு ஒரு தட்டில் வைத்து அந்தக் காசைத் தூக்கிக் காட்டினார்.

"ராஜா காலத்துக் காசு. காளை போட்டது. யார் கேக்கறா?"

ஆண்கள் பக்கத்திலிருந்து, "பத்து" என்றான் ஜெபசிங்.

பெண்கள் பக்கத்திலிருந்து, "இருவது" என்று வந்தது.

ஜெபசிங் எட்டிப் பார்த்தான். காசியம்மாள். மடியில் ஒரு சேவலை அணைத்துக்கொண்டு மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்பது."

"அறுவது."

"யக்கோவ், இத சமைக்க முடியாது" என்றான் ஜெபசிங். பந்தல் சிரித்தது.

"நான் இன்னா பண்ணுவேன்னு உனக்கின்னா தம்பி? நீ கேளு, நான் கேக்கறேன்."

நூறு தாண்டியது. இருநூறு தாண்டியது. விஷயம் தெரிந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்திக்காவது எழுந்துபோய்ச் சாப்பாட்டுப் பந்தலில் பிரிசில்லாவிடம் சொல்லத் தோன்றியிருக்கலாம். ஆனால் இவ்வளவு நல்ல ஏலத்தை நடுவில் நிறுத்த யாருக்கு மனசு வரும்? ஏசுபாதத்துக்கும் நிறுத்த மனசில்லை, சர்ச் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்தது.

ஐந்நூறில் ஜெபசிங்கின் காது சிவந்தது. இந்தப் பொம்பளைக்கு யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், தங்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. "யக்கா, அது வெறும் செம்பு. சத்தியமா சொல்றேன்" என்று கூவினான்.

"செம்போ பித்தளையோ. அறநூறு."

எண்ணூறு என்று சொன்னதோடு அவன் சட்டைக்குள் இருந்ததெல்லாம் தீர்ந்தது. காசியம்மாள் தொள்ளாயிரம் என்றாள், கத்தரிக்காய் கேட்கிற குரலில். ஏசுபாதம் அவனையே பார்த்தார். ஒரு தரம் என்றார். ரெண்டு தரம் என்றார். கொஞ்சம் நிறுத்தினார், சிங்குக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிற மாதிரி. ஜெபசிங் தலையை ஆட்டினான். மூணு தரம்.

பந்தலைவிட்டு வெளியே வந்து சைக்கிள்கள் நிறுத்தியிருந்த சுவரோரம் நின்றான். அருணகிரி பின்னாலேயே வந்தான், எதையோ சொல்லிச் சீண்டத்தான் வந்திருப்பான், முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா பக்கத்தில் நின்றான். புத்தகத்தை டாக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஜெபசிங் யோசித்தான். தபாலில் அனுப்பினால் நேரில் பார்க்க வேண்டியதில்லை.

அப்போதுதான் சாப்பாட்டுப் பந்தல் பக்கமிருந்து பிரிசில்லாவின் குரல் கேட்டது. வகுப்பறைக் குரல்.

"தொள்ளாயிரமா? எந்தப் பேமானி அவ்ளோ ஏத்தினான்க்கா?"

"உம் புருசன்தான்" என்றாள் காசியம்மாள்.

"அவுரு கேட்டா வுட்டுட வேண்டியதுதானே?"

"எவ்ளோ ஆனாலும் வுட்டுடாதனு சொன்ன. உம் புருசன் கேட்டா வுடுன்னு சொன்னியா? நீ சொன்னத செஞ்சேன். மீதி எழுநூறு குடு, அந்தாளு பில்லு போட்டுகினு கீறாரு."

ஜெபசிங் திரும்பினான். பிரிசில்லா கையில் கரண்டியோடு நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அருணகிரி ரொம்ப நாகரிகமாக நாலடி தள்ளிப்போய், காது கேட்கிற தூரத்தில் நின்றான்.

"வேணாம், தல முழுகினேன்னு சொன்னீங்க" என்றாள் அவள்.

"கர்த்தர் காப்பாத்திட்டார்னு நீ சொன்ன."

"ஏது எண்ணூறு ரூபா?"

"ஓ.டி. பாத்த காசு."

"மறைச்சு வெச்சீங்க."

"நீயுந்தான்."

பிரிசில்லா கரண்டியைச் சுவர்மேல் வைத்தாள். "ரெண்டு மாசமா பேசாம கெடந்தீங்க. இதுக்கு முந்தி வந்த பைத்தியமெல்லாம் தீனி கேட்டுச்சு, கத்துச்சு, நாறுச்சு. இது ஒண்ணுதான் சும்மா கெடக்குது. இதையும் வுட்டா அடுத்து இன்னாத்த வூட்டுக்குள்ள இட்டாருவீங்களோன்னு பயந்துதான் எடுக்கச் சொன்னேன். வேற ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

ஜெபசிங் வேறு ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டான். அவளுடைய இருநூறும் அவனுடைய எழுநூறுமாக ஏசுபாதத்திடம் போனார்கள். அவர் ரசீதை இருவர் பெயரிலும் எழுதித் தந்து, "இப்டி ஒரு குடும்பம் வருசா வருசம் இருந்தா சர்ச்சுக்கு கோபுரமே கட்டிடலாம்" என்றார்.

அடுத்த வாரம் முழுக்க ஜெபசிங் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டேயிருந்தது. ஒரு செப்புக்காசு தொள்ளாயிரம் போனது என்றால் சும்மாவா? பரணிலும் உண்டியலிலும் கிடந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓட்டைக் காலணா, ஆறாம் ஜார்ஜ், தேய்ந்த வாஷர் ஒன்று, எதற்கோ கொடுத்த மெடல் ஒன்று. ஜெபசிங் ஒவ்வொன்றையும் எடை போட்டு, அளந்து, உள்ளதை உள்ளபடி சொன்னான். அந்த விலை காசுக்கு வந்ததில்லை, ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாததற்கு வந்தது என்றும் சொன்னான். யாரும் நம்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று காலணாவைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூட்டத்துக்குப் பிரிசில்லாவும் வந்தாள். தொள்ளாயிரம் ரூபாயைத் தனியாக ரயிலில் அனுப்ப அவளுக்கு மனமில்லையாம். பிரதீபா காசை விளக்கடியில் வைத்து லென்ஸால் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பக்கத்தில் இருந்த இருவருக்குக் கொடுத்தார். அவர்கள் தலையாட்டினார்கள்.

"பல்லவர்தான். சக்கரம் தேஞ்சிருக்கு, ஆனா காளை நல்லா நிக்குது. ஆரம்பத்துலயே இது ரொம்ப அதிகம்" என்றார் டாக்டர். "எங்க வாங்கினதுனு குறிச்சு வெச்சுக்கணும். பாத்திரக்கடைதானே?"

"பாத்திரக்கடை, அப்புறம் சர்ச்" என்றாள் பிரிசில்லா. எல்லோரும் கதை கேட்டார்கள். ஜெபசிங் எழுந்து நின்று பேசினான். வார்ப்புக்கும் அடித்த காசுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆரம்பித்து, காணிக்கைப் பைக்கு வந்தபோது பின்வரிசைக்காரர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

பேச்சு முடிந்து அவன் திரும்பிப் பார்த்தபோது பிரிசில்லா நாற்காலியில் இல்லை. சுவரோரம் ஒருவர் விரித்து வைத்திருந்த மேசையில் குனிந்திருந்தாள். அவள் கைக்கருகில் ஓர் ஈயக் காசு; அதில் மீனா படகா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று.

"இத பாருங்க" என்றாள் நிமிராமலே. "இது இன்னான்னு கேட்டா அவருக்கே தெரியலியாம். நூத்தம்பது சொல்றாரு. கேக்கட்டுமா?"

ஜெபசிங் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"கேளு. ஆனா இங்க ஏலம் கெடையாது, கொறச்சு கேளு."